சுருட்டை முடிக்கு முன்னால் கத்தரி வைக்கலாமா?

மும்பையில் நம்மவர் வீடுகளில் இப்போது புதிதாக ஒரு வழக்கு நடக்கிறது. வாதி மகள், பிரதிவாதி தாய். தாராவி தொண்ணூறடி ரோட்டில் ஒற்றை அறை வீட்டிலும் இந்த வழக்கு உண்டு. மாட்டுங்காவின் பழைய கட்டடங்களில் மூன்றாவது மாடியிலும் உண்டு. செம்பூர் சேடா நகர்ப் பக்கத்திலும் உண்டு. இடுப்பு வரை தொங்கும் சுருட்டைக் கூந்தலில், முகத்தின் இரு பக்கமும் விழும் முன்முடியை மட்டும் படிப்படியாகக் குறைத்து வெட்டிக்கொள்ளலாமா, கூடாதா என்பதே வழக்கு. அழகு நிலையங்களில் இதை 'லேயர்' என்கிறார்கள். 'ஃபிளிக்ஸ்' என்றும் சொல்கிறார்கள்.

இது பெண்கள் சமாசாரம், இதில் எழுத என்ன இருக்கிறது என்று ஆண் வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பெரும்பாலான வீடுகளில் தீர்ப்புச் சொல்ல அழைக்கப்படுபவர் அவர்தான். ஷிப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றுமுன், "நீங்களே சொல்லுங்க" என்று வழக்கு அவர் முன்னால் வந்து விழுகிறது. அவரும் தலையும் தெரியாமல் வாலும் தெரியாமல் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருகிறார். தெரியாமல் சொல்கிற "வேண்டாம்" ஒரு பெண்ணின் மனத்தைப் புண்படுத்துகிறது. தெரியாமல் சொல்கிற "சரி" அவளுக்கு மூன்று வருடக் கஷ்டத்தைக் கொண்டு வந்துவிடுகிறது. மூன்று வருடம் என்பது மிகையாகத் தோன்றலாம். கணக்கு பின்னால் வருகிறது.

வெட்டிக்கொள்வதில் குற்றம் எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். நீண்ட சுருட்டை முடிக்கு முன்பக்கம் சற்றுக் குறைத்து வெட்டினால் பல முகங்களுக்கு எடுப்பாகவே இருக்கும். ஆனால் வெட்டுவதா, வேண்டாமா என்பதை அந்த முடியைத் தலையில் சுமக்கிற பெண் தீர்மானிக்க வேண்டும். அவளும் அதைச் சினிமாப் படத்தைப் பார்த்துத் தீர்மானிக்காமல், தன் முடி, தன் வேலை, இந்த ஊர் மழை ஆகியவற்றைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும்.

சாதனா கட்

முன்முடி மோகம் இந்த ஊருக்குப் புதிதல்ல. 1960-ல் 'லவ் இன் சிம்லா' என்ற இந்திப் படம் வெளிவந்தது. நாயகி சாதனா, பிரிவினையின்போது கராச்சியிலிருந்து பம்பாய்க்கு வந்த சிந்திக் குடும்பத்துப் பெண். அவருக்கு நெற்றி அகலம். காமிராவில் அது பெரிதாகத் தெரிகிறது என்று டைரக்டர் ஆர். கே. நய்யார் கவலைப்பட்டார். நெற்றியின் மேல்பகுதியில் ஒட்டுமுடி வைத்துப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. பிறகு ஹாலிவுட் நடிகை ஆட்ரி ஹெப்பர்னைப் போல் நெற்றியில் விழும்படி முன்முடியைக் கத்தரித்துவிட்டார்கள். படம் ஓடியது. முடியும் ஓடியது! பம்பாயிலிருந்து சென்னை வரை கல்லூரிப் பெண்கள் 'சாதனா கட்' என்று கேட்டு வெட்டிக்கொண்டார்கள். இன்று பாட்டியாகிவிட்ட எத்தனையோ பேரின் பழைய ஆல்பத்தைப் புரட்டினால் அந்த நெற்றி முடி எட்டிப் பார்க்கும். இப்போது பேத்தியைக் கண்டிக்கிற பாட்டிகளும் இதில் அடக்கம்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சாதனாவின் முன்முடி ஒரு குறிப்பிட்ட முகத்தின் ஒரு குறிப்பிட்ட குறைக்காகச் செய்யப்பட்ட பரிகாரம். அகன்ற நெற்றியை மறைக்க வேண்டியிருந்தது, மறைத்தார்கள். அதே 1960-ல் பிமல் ராயின் 'பரக்' படத்தில் கிராமத்துப் பெண்ணாக அவர் நெற்றி முடி இல்லாமல் எளிய கோலத்தில்தான் வந்தார். அங்கே கதைக்கு அது வேண்டியிருக்கவில்லை. பார்த்துக் காப்பியடித்தவர்களில் எத்தனை பேருக்கு அகன்ற நெற்றி இருந்தது? குறுகிய நெற்றிக்காரிகளும் வெட்டிக்கொண்டார்கள். இருந்த நெற்றியும் காணாமல் போயிற்று.

அதோடு, சாதனாவுக்குச் சுருட்டை முடி கிடையாது. 1976-ல் அமெரிக்க நடிகை ஃபாரா ஃபாசெட்டின் முகத்தைச் சுற்றி இறகுபோல் பறக்கும் முடி உலகம் முழுவதும் பரவியதே, அதுவும் சுருட்டை முடிக்கு என்று வெட்டப்பட்டதல்ல. நம் ஊர் அழகு நிலையங்களில் 'ஃபெதர் கட்', 'ஸ்டெப் கட்' என்று மாட்டியிருக்கும் படங்களும் பெரும்பாலும் கோரை முடிப் பெண்களின் படங்களே. சுருட்டை முடிக்காரி அந்தப் படத்தில் விரலை வைத்து "இதுமாதிரி" என்று சொல்லும்போதே பாதி வம்பு ஆரம்பமாகிவிடுகிறது.

சுருட்டை முடிக்காரிகளுக்கு ஆறுதலாகச் சினிமாவில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. 2015-ல் வந்த 'பிரேமம்' மலையாளப் படத்தில் அனுபமா பரமேசுவரன் தன் சுருட்டை முடியை அப்படியே விரித்துப் போட்டுக்கொண்டு வந்தார். அதைப் பார்த்த பிறகு, சூட்டுக் கம்பியால் முடியை நீட்டிக்கொண்டிருந்த பெண்கள் பலர் கம்பியைக் கீழே வைத்தார்கள். ஊர்ப்பக்கம், "சுருட்டை முடி சோறு போடும்" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. ஆனால் பெண் பார்க்க வருகிறவர்கள் மட்டும், "தலை கொஞ்சம் பரட்டையா இருக்கே" என்று சொல்லிவிட்டுப் பஜ்ஜியைச் சாப்பிட்டுப் போவார்கள்.

அரசியை யார் கேட்டார்கள்?

தமிழன் கூந்தலைப் பற்றிப் பேசாத காலம் இல்லை. பெண்கள் முடியை ஐந்து வகையாக முடித்ததால் கூந்தலுக்கு 'ஐம்பால்' என்றே பெயர். அந்த ஐந்தில் 'சுருள்' என்பதும் ஒன்று. திருவிளையாடல் கதை எல்லோருக்கும் தெரியும். 1965-ல் வந்த படத்தில் தருமியாக நாகேஷ் புலம்பியதை மறந்தவர் இருக்க முடியாது. பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்று பாண்டியனுக்குச் சந்தேகம். இறைவன் பாட்டு எழுதிக் கொடுத்தார். நக்கீரர் குற்றம் கண்டார். நெற்றிக்கண் வரை போயிற்று விவகாரம். இத்தனை ஆர்ப்பாட்டத்திலும், கூந்தலுக்குச் சொந்தக்காரியான அரசியை யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகக் கதையில் இல்லை.

இன்றும் அப்படியே நடக்கிறது. தாராவி வீட்டில் தாய் சொல்கிறாள்: "ஏட்டி, முன்னால வெட்டிக்கிட்டு நின்னேன்னா ஊர்ல ஆச்சி என்ன சொல்லுவா?" மகள் சொல்கிறாள்: "யம்மா, ஆச்சிக்கு நீ போட்டோ அனுப்பாம இரு." மாட்டுங்காவில் அதே வழக்கு வேறு பாஷையில் நடக்கிறது: "தலைமயிரை வெட்டிண்டு வந்து நிக்காதேடி, பாக்கச் சகிக்காது." ஆச்சி, அத்தை, மாமியார், பக்கத்து வீட்டுக்காரர், மாப்பிள்ளை வீட்டார் எல்லோருடைய கருத்தும் வரிசையாக வந்து சேர்கிறது.

பெரியவர்களின் பயத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் சில சாதிகளில் பெண்ணின் தலையில் கத்தி பட்டது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது. கணவன் இறந்ததும் பத்து வயதுச் சிறுமியானாலும் உட்கார வைத்து மழித்தார்கள். அந்த நினைவு குடும்பங்களின் உள்ளே எங்கேயோ இன்னும் ஒளிந்திருக்கிறது. சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி சிறுவயதிலேயே விதவையானபோது, பெற்றோர் அவர் தலையை மழிக்க மறுத்தார்கள். அந்தப் பெண் 1911-ல் பட்டம் பெற்று, தன்னைப் போன்ற இளம் விதவைகளுக்குக் கல்வியும் கொடுத்தார்.

அதற்கும் முன்னால் இந்தப் பம்பாயிலேயே ஒரு காரியம் நடந்தது. மில் தொழிலாளர்களுக்காக 1884-ல் சங்கம் கண்டவர் நாராயண் மேகாஜி லோகண்டே. இன்று நம்மவர்கள் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்து கறிக்குழம்பு சாப்பிட முடிகிறது என்றால், அந்த வாராந்தர விடுமுறைக்காக வாதாடி 1890-ல் மில் தொழிலாளருக்கு வாங்கிக் கொடுத்தவர் அவர். அதே 1890-ல் அவர் பம்பாய் நாவிதர்களைத் திரட்டினார். விதவைகளின் தலையை மழிக்க மாட்டோம் என்று அவர்களைத் தீர்மானிக்க வைத்தார். கூலி போனாலும் பரவாயில்லை, விருப்பமில்லாத பெண்ணின் தலையில் கத்தி வைக்க மாட்டோம் என்று கத்தி பிடித்த கைகளே சொல்லிவிட்டன! கூலி வேலை செய்து பிழைக்கிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அன்று அந்த நாவிதர்கள் எடுத்துக்கொண்ட அளவுகோல் பெண்ணின் விருப்பம். அதே அளவுகோலை இன்றைக்கும் வைத்துப் பார்க்கலாம். ஒரு பெண் தானாக விரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்து, முன்னால் நாலு விரல் வெட்டச் சொல்வதற்கும் அந்தக் கொடுமைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. "முடியை வெட்டினால் தாலிக்கு ஆகாது" என்று பேசுகிறவர்கள் எதை எதோடு முடிச்சுப் போடுகிறோம் என்று யோசிக்க வேண்டும். பெண்கள் கூந்தலைக் குறைத்துக்கொண்டால் நேரமாவது மிச்சமாகும் என்று பெரியார் வெகுகாலம் முன்பே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பழனிக்கும் திருப்பதிக்கும் நேர்ந்துகொண்டு முழு முடியையும் கொடுக்கும் பெண்களை யாரும் குறை சொல்வதில்லை. முன்னால் நாலு விரல் வெட்டினால்தான் குடும்ப மானம் போகிறதா?

ஈரத்தில் ஒரு நீளம், காய்ந்தால் ஒரு நீளம்

உரிமையைப் பற்றிப் பேசியாயிற்று. உரிமை இருக்கிறது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் உட்காரலாமா? கூடாது. இனிமேல் சொல்வது மகள்களுக்கு.

மயிர்க்கால் வளைந்திருந்தால் முடி சுருண்டு வளர்கிறது. கோரை முடியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஏறக்குறைய உருண்டையாக இருக்கும். சுருட்டை முடி தட்டையாக, முட்டை வடிவத்தில் இருக்கும். தலையில் ஊறும் இயற்கை எண்ணெய் கோரை முடியில் சரசரவென்று நுனி வரை இறங்கிவிடும். சுருட்டையில் வளைவுக்கு வளைவு தடைப்பட்டு நுனிக்குப் போய்ச் சேராது. அதனால்தான் சுருட்டை முடி நுனியில் எப்போதும் வறண்டிருக்கிறது. நம் தாய்மார்கள் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலோடு துரத்துவதில் நியாயம் இருக்கிறது.

நனைந்தால் சுருட்டை முடி நீளும்; காய்ந்தால் சுருங்கி மேலே ஏறும். சிலருக்கு ஓர் அங்குலம் ஏறும். நெருக்கமான சுருளாக இருந்தால் நீளத்தில் பாதி வரை ஏறிவிடும். சாதாரண அழகு நிலையத்தில் நடப்பது என்ன? தண்ணீர் தெளிக்கிறார்கள். சீப்பால் இழுத்து நேராக்குகிறார்கள். மோவாய் வரை என்று சொன்னால் மோவாய் மட்டத்தில் கத்தரிக்கிறார்கள். பிறகு சூடான காற்றடித்து, சூட்டுக் கம்பியால் இழுத்து, நேராக்கிக் காட்டுகிறார்கள். கண்ணாடியில் பார்த்தால் பிரமாதம்! பெண் பணத்தைக் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வருகிறாள். இரண்டு நாள் கழித்துத் தலைக்குக் குளிக்கிறாள். காய்ந்ததும் மோவாயில் இருந்த முடி கன்னத்துக்கு ஏறி, சிலருக்குக் கண்ணுக்கே வந்து நிற்கிறது. அப்போது தாய் ஒன்றும் சொல்லாமல் பார்ப்பாளே ஒரு பார்வை, அது பத்து வார்த்தைக்குச் சமம்.

இதற்கு மேலும் ஒன்று உண்டு. நீண்ட முடியின் கனமே சுருளைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெட்டியதும் கனம் போகிறது. போன உடனே சுருள் இன்னும் இறுகி மேலே துள்ளுகிறது. ஆகவே எவ்வளவு ஏறும் என்று கணக்குப் பார்த்தாலும், அதற்கு மேல் இன்னும் ஓர் அங்குலம் சேர்த்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

இப்போது அந்த மூன்று வருடக் கணக்கு. தலைமுடி சராசரியாக மாதத்துக்கு அரை அங்குலம் வளர்கிறது. இடுப்பு வரை 30 அங்குல முடி உள்ள பெண், முன்பக்கத்தை மோவாய் மட்டத்தில், அதாவது ஏறக்குறைய 10 அங்குலத்தில் வெட்டிவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். போனது 20 அங்குலம். திரும்பி வர 40 மாதம். மூன்று வருடம் நான்கு மாதம்! ரயில்வே பாஸ் மாதிரி வேண்டாமென்றால் ரத்து செய்துவிட முடியாது. அந்த 40 மாதமும் வளரும் முடி ஜடைக்குள் அடங்காமல், காதுக்குப் பின்னாலும் நிற்காமல், முகத்தின் இரு பக்கமும் கம்பிச் சுருள் போல நீட்டிக்கொண்டிருக்கும்.

வெட்டாமலே வெட்டியது போல் பார்க்க ஒரு வழி இருக்கிறது. தலைக்குக் குளித்து, முடி தானாகக் காய்ந்த பிறகு, முன்னால் இரு பக்கமும் விரல் பருமனுக்கு முடியை எடுத்துக்கொள்ள வேண்டும். நுனியை உள்பக்கமாக மடக்கி, ஆசைப்படுகிற நீளத்தில் வளைவு தெரியும்படி ஹேர்பின் குத்திக்கொள்ள வேண்டும். அதோடு ஒரு வாரம் வேலைக்குப் போய்வர வேண்டும். கூட வேலை செய்யும் பெண்கள் சொல்வதையும் கேட்டுக்கொள்ளலாம். அதைவிட முக்கியம், மாலையில் வீட்டுக்கு வரும்போது அந்த முடி எந்த நிலையில் இருக்கிறது என்று கண்ணாடியில் பார்ப்பது.

ரயிலும் மழையும் குழாய்த் தண்ணீரும்

கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டு போகிறவர்களுக்கு லேயரால் நிச்சயம் லாபம் உண்டு. ஒரே நீளமான சுருட்டை முடி மேலே அமுங்கி, கீழே கூடாரம்போல் விரிந்து நிற்கும். படிப்படியாக வெட்டினால் அந்தக் கூடாரம் கலைந்து, சுருள்கள் ஒழுங்காக அடுக்கடுக்காக விழும். ஆனால் தாராவியிலிருந்து சயான் ஸ்டேஷனுக்கு ஓடி, லேடீஸ் பெட்டியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண் கூந்தலை விரித்தா போட்டுக்கொள்ள முடியும்? பின்னிக்கொண்டோ, கிளிப் போட்டுத் தூக்கிக் கட்டிக்கொண்டோதான் போகிறாள். அவளுக்கு வெளியே தெரியப்போவது முகத்துக்குப் பக்கத்தில் விழும் அந்த இரண்டு கொத்து முடி மட்டுமே. அந்த இரண்டு கொத்துக்காகத்தான் அவள் ஆசைப்படுகிறாள். அதில் தவறில்லை. நாள் முழுக்க உழைக்கிற முகத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் அழகாக ஏதாவது இருந்துவிட்டுப் போகட்டுமே.

சிரமம் எங்கே என்றால், அந்த இரண்டு கொத்தும் கட்டுக்குள் வராது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் மழை. மற்ற மாதங்களிலும் கடல்காற்றின் ஈரம் விடுவதில்லை. முடி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சியதும் சுருள் குலைந்து பரட்டையாகும். நீளமான முடி கனத்தால் ஓரளவு தாக்குப் பிடிக்கும். குட்டையான முன்முடி தாக்குப் பிடிக்காது. வேர்வையில் கன்னத்தில் ஒட்டிக்கொள்ளும்.

ராத்திரி தலையணையில் நசுங்கிய முன்முடியைக் காலையில் மறுபடி நனைத்துச் சுருளைச் சரிசெய்ய வேண்டும். அதற்குத் தண்ணீர் வேண்டும், பத்து நிமிடம் வேண்டும், கண்ணாடி வேண்டும். குழாயில் தண்ணீர் சில மணி நேரம் மட்டும் வருகிற வீட்டில், ஐந்து பேருக்கு ஒரே கண்ணாடி இருக்கிற வீட்டில், இது சின்ன விஷயம் இல்லை. இந்த மாதிரிச் செலவுகளை அழகு நிலையத்து விலைப்பட்டியலில் போடமாட்டார்கள்.

வேலையையும் பார்க்க வேண்டும். ஆபீஸ் வேலை, கடை வேலை என்றால் பெரிய தடை இல்லை. 2017 ஜூலையில் மத்திய ரயில்வே மாட்டுங்கா நிலையத்தை முழுக்கப் பெண் ஊழியர்களிடமே ஒப்படைத்தது. டிக்கெட் கவுன்ட்டர் முதல் பாதுகாப்பு வரை பெண்களே பார்த்தார்கள். அடுத்த ஆண்டு லிம்கா சாதனைப் புத்தகத்திலும் அது இடம்பெற்றது. அப்படிக் கவுன்ட்டருக்குள் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு முன்முடியால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் தாராவியில் மோட்டார் தையல் மெஷினில் குனிந்து வேலை செய்கிற பெண்ணுக்கு அது அபாயம். பெல்ட்டில் முடி சிக்கினால் என்ன ஆகும் என்று அங்கே வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். அப்பளம் இடுகிறவர்கள், சமையல் வேலை பார்க்கிறவர்கள், ஆஸ்பத்திரி நர்சுகள் ஆகியோரும் வேலை நேரத்தில் முன்முடியைக் கிளிப்புக்குள் அடக்க முடிகிற நீளமாகப் பார்த்து வெட்டிக்கொள்ள வேண்டும். காதுக்குப் பின்னால் போய் நிற்கிற நீளம் என்பது அவர்களுக்குக் குறைந்தபட்சம்.

சிலர் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்வது நல்லது. பிரசவமான பெண்களுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாகக் கொட்டும். பயப்பட வேண்டியதில்லை, மறுபடி வளரும். ஆனால் நெற்றியோரம் குட்டி முடி தானாகவே முளைத்து நிற்கும் சமயத்தில் கத்தரியையும் வைத்தால் முன்பக்கம் வெறுமையாகிவிடும். இறுக்கி இறுக்கிப் பின்னியதால் நெற்றி ஏறிப்போனவர்களும் முதலில் பின்னலைத் தளர்த்த வேண்டும். பிறகு வெட்டுவதைப் பற்றி யோசிக்கலாம். கல்யாணம் நிச்சயமான பெண் தை மாதத்துக்கு நாள் குறித்துவிட்டு ஐப்பசியில் போய் வெட்டிக்கொண்டால், நெற்றிச்சுட்டியும் ராக்கொடியும் வைக்கும் நாளில் முன்முடி ஒன்றரை அங்குலம்கூட வளர்ந்திருக்காது. ஜடை தைக்கிறவர் பின் மேல் பின்னாகக் குத்துவார். தாலி கட்டும் நேரத்தில் தலைவலி வரும்.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். முன்முடியை வெட்டிக்கொண்டு அது சரியாக விழவில்லை என்றதும், அதே கடையில், "கெரட்டின் போட்டால் நேராகிவிடும்" என்று அடுத்த வலையை விரிக்கிறார்கள். சில ஆயிரம் ரூபாய் போகும். அந்தப் பணம் ஊருக்கு அனுப்ப வேண்டிய பணமாக இருக்கும். பணத்தோடு போனால் பரவாயில்லை. முடியை நேராக்கும் இந்த மருந்துகள் சிலவற்றைச் சூடாக்கும்போது ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயு வெளிவருகிறது என்று அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை 2011-லேயே எச்சரித்திருக்கிறது. அங்கே அவர்கள் முக்கியமாகக் கவலைப்பட்டது, நாள் முழுவதும் அந்தப் புகையில் நின்று வேலை செய்கிற தொழிலாளிப் பெண்களைப் பற்றி. நம் ஊரில் சன்னல் இல்லாத சின்னக் கடைக்குள் அந்த வேலையைச் செய்கிறவர்களும் நம்மைப் போன்ற வீட்டுப் பெண்களே. வீட்டில் தாயின் வாயையும் வெளியில் நாலு பேர் வாயையும் அடைப்பதற்காக ஒரு பெண் இந்த மருந்துக்குப் போகிறாள் என்றால், அதில் வீட்டுக்கும் பங்கு இருக்கிறது.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகு

இவ்வளவையும் யோசித்து, வெட்டிக்கொள்வது என்று முடிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தலைக்குக் குளித்து, எண்ணெய் இல்லாமல், முடியைச் சீவாமல், தானாகக் காயவிட்டுப் போக வேண்டும். சுருள் எப்படி விழுகிறதோ அப்படியே கத்தரிக்காரர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நியூயார்க்கில் லொரேன் மாசி என்ற பெண்மணி, சுருட்டை முடியைக் காய்ந்த நிலையிலேயே, சுருள் சுருளாகப் பார்த்து வெட்டும் முறையைப் பிரபலப்படுத்தினார். அந்த அம்மாளும் சுருட்டை முடிக்காரிதான். அவ்வளவு பெரிய கடை நம்மவர்களுக்குத் தேவையில்லை. முறை தெரிந்தால் போதும். மூலைக்கடைக்காரரிடமும் கேட்டு வாங்கலாம்.

பாஷைதான் பல பெண்களுக்குத் தடை. கத்தரி பிடிப்பவர் பெரும்பாலும் மராத்தியோ இந்தியோ பேசுகிறவராக இருப்பார். நம் பெண் கூச்சப்பட்டு, தலையை ஆட்டி, கடைசியில் அவர் வெட்டியதை வாங்கிக்கொண்டு வருவாள். அதனால் இரண்டு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு போகலாம். "கீலா மத் கரோ, ஸூக்கே மே ஹீ காட்டோ" என்றால் நனைக்காதீர்கள், காய்ந்த முடியிலேயே வெட்டுங்கள் என்று அர்த்தம். "தோடா தோடா காட்டோ" என்றால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டச் சொல்வது. சொன்னபடி செய்ய முடியாது என்று அவர் சொன்னால், எழுந்து வந்துவிடுவதில் வெட்கம் இல்லை.

முதல் தடவை மோவாய்க்கும் கன்னத்துக்கும் ஆசைப்பட வேண்டாம். தோள்பட்டை எலும்புக்குச் சற்றுக் கீழே, முன்பக்கத்து மெல்லிய கொத்தை மட்டும் வெட்டச் சொன்னால் போதும். பின்னால் இருக்கும் முடியில் கை வைக்க விடக்கூடாது. ஜடையின் கனம் அங்கேதான் இருக்கிறது. வெட்டிய பிறகு சூட்டுக் கம்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அப்படியே வீட்டுக்கு வர வேண்டும். மூன்று தடவை தலைக்குக் குளித்து, லோக்கலில் நாலு வாரம் போய்வந்து, ஒரு மழையும் பார்த்துவிட்டு, இன்னும் குறைக்கலாம் என்று தோன்றினால் அடுத்த சம்பளத்தில் இன்னும் ஓர் அங்குலம் குறைத்துக்கொள்ளலாம். மாட்டுங்கா மார்க்கெட்டில் முழம் மல்லிகை வாங்கும்போது, வெட்டிய முன்முடியோடு அது பின்னலில் எப்படி நிற்கிறது என்றும் ஒரு தடவை வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும். ஊருக்குப் போட்டோ அனுப்புவது அதற்குப் பிறகு.